ராசாத்தி செலவழிக்காத பெயர்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை தரையைத் தொட்டது. அதே வாரம் ஓசூர் பாகலூர் ரோட்டில் குடியிருந்த டூல் ரூம் ஃபிட்டர் ஒருவருக்குப் பெயர் உதிர்ந்துபோனது. இரண்டில் தக்காளி விஷயம்தான் ஊரில் பெரிதாகப் பேசப்பட்டது. பெயர் போனது முதலில் தெரிந்த இடம் கம்பெனி கேட். செக்யூரிட்டி அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். போட்டோ இருந்தது, ரத்த வகை இருந்தது, டிபார்ட்மெண்ட் இருந்தது, பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையின் முதுகு மாதிரி வெறுமையாக இருந்தது. மழையில் நனைந்திருக்கும் என்று சொல்லி உள்ளே விட்டுவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் லாக்கர் கதவிலிருந்தும் ரேஷன் கார்டிலிருந்தும் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடத்தில் வெட்டியிருந்த எழுத்திலிருந்தும் அது போய்விட்டது. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து போனில் பேசிய அவருடைய அம்மா, "யாரு, கடைக்குட்டியா?" என்று கேட்டு அத்தோடு சமாளித்துக்கொண்டார். அவருக்கே தன் பெயர் ஞாபகத்தில் இல்லை. இதை எழுதுகிறவரிடமும் அது இப்போதைக்கு இல்லை. வர வேண்டிய இடத்தில் வரும், அதுவரை ஃபிட்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

ஓசூரில் பெயர் இல்லாமல் காலம் தள்ளுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. பிழைக்க வந்தவர்களின் ஊர் இது. காய்காரம்மா கன்னடத்தில் கூப்பிடுவார், பால்காரர் தெலுங்கில் கூப்பிடுவார், வீட்டுக்காரம்மா அந்த இரண்டோடு தமிழையும் பிசைந்து கூப்பிடுவார். கம்பெனிக்குள் போனால் தேனிக்காரர், பெரிய மீசை, லேத், சி ஷிப்ட் என்றுதான் ஆட்கள் நடமாடுவார்கள். ஃபிட்டர் என்று ஒருவர் கூடுதலாகச் சேர்ந்ததில் யாருக்கும் சோறு இறங்காமல் போகவில்லை. அவருடைய மனைவி ராசாத்திக்கு மட்டும்தான் அது ஒரு விஷயமாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பெயர் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

ராசாத்தியின் ஊர் வழக்கத்தில் பெண்சாதி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கல்யாணத்துக்கு முதல் நாள் அவள் அம்மா தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொல்லி அனுப்பியிருந்தாள். ராசாத்தி ஒரு படி மேலே போய், அந்தப் பெயரில் கலந்திருந்த ஒரு சாதாரணச் சொல்லையும் சேர்த்து விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டு ஜெபசீலி புதுச் சேலை கட்டி வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், "கண்ணுக்கு நல்லாருக்கு" என்பாள். அதற்கு மேல் போகமாட்டாள். வேறு யாராவதாக இருந்தால் இன்னும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருப்பார்களே என்று ஜெபசீலிக்கு உள்ளூர மனத்தாங்கல். ஜெபசீலியோ புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். எபினேசர், எபினேசர் என்று விடிந்ததிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயர் தேய்ந்து இப்போது எபி என்ற அளவில் நின்றிருந்தது. உலகம் முழுக்கக் கையாண்டதால் ஃபிட்டரின் பெயர் தேய்ந்து உதிர்ந்தது, ராசாத்தி வாயில் போடாமலே வைத்திருந்ததால் அவளிடம் மடிப்புக் கலையாமல் இருந்தது. பின்னால் ஊரில் எல்லாரும் ஒப்புக்கொண்ட காரணம் இதுதான்.

"எம்பேரு ஒனக்குத் தெரியுமா?" என்று ஃபிட்டர் அவளிடம் கேட்டார்.

"தெரியாம என்ன."

"அப்பச் சொல்லு."

"சீ, போங்க அங்கிட்டு!"

ஒரு தடவை தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டிப் பார்த்தாள். எழுத்துகள் எறும்புகளாக வரிசை கட்டித் தாளைவிட்டு இறங்கிப் போய்விட்டன. சர்க்கரை டப்பாவை நன்றாக மூடி வைத்ததோடு ராசாத்தி அந்த முயற்சியை விட்டாள்.

இத்தனைக்கும் காரணம் எம்.ஏ. தமிழ். ஃபிட்டர் வேலை பார்த்த கியர் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று, பொரி கடலை கொடுப்பதற்கு முன்னால், பட்டிமன்றம் நடக்கும். பெர்சனல் ஆபீசர் பாக்கியராஜ்தான் வருஷா வருஷம் நடுவர். ஜரிகைத் துண்டு அவரே வாங்கி அவரே போட்டுக்கொள்வார். ஃபிட்டர் ஒரு தடவை தானும் பேச வேண்டும் என்று கேட்கப் போனபோது, தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குத்தான் மேடை, மற்றவர்கள் கை தட்டலாம், அதுவும் முக்கியமான வேலைதான் என்று பாக்கியராஜ் சொல்லிவிட்டார். ஃபிட்டர் அஞ்சல் வழியில் சேர்ந்தார். பாடப் புத்தகங்கள் பார்சலாக வந்தன.

மற்றவர்கள் படிப்பதுபோல அவரும் படித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் டூல் ரூம் ஃபிட்டர் எதையும் பொருத்திப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதவர். ஒரு பாகத்தில் நீல மை தடவி, அதன் ஜோடியோடு பொருத்தி, கழற்றி, மை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, உரசும் இடத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, மறுபடி பொருத்தி, அப்புறம்தான் "சரி" என்பார். பாடத்தையும் அப்படியே செய்தார், பொருத்திப் பார்த்தது தன் மேல். சங்க இலக்கியப் பாடத்தில், அகப்பாட்டில் வரும் தலைவனுக்குப் பெயர் கிடையாது, அவன் இன்னான் என்று இல்லாமல் எல்லாருக்கும் பொதுவாக இருப்பான் என்று எழுதியிருந்தது. அது எப்படி இருக்கும் என்று பார்க்க, ஒரு சாயங்காலம் தன் பெயரைக் கழற்றி மனதில் ஓர் ஓரமாக வைத்தார். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் வைத்த இடத்தில் அது இல்லை.

அந்தப் பாடத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அந்தக் காலத்துத் தலைவன் மனதில் இருப்பதைத் தான் சொல்லிக்கொண்டிருக்கமாட்டான். அவன் நிற்கிற நிலம் சொல்லிவிடும். ஃபிட்டர் தொடர்பு வகுப்புக்குச் சேலம் போன ஞாயிற்றுக்கிழமை, குளிர்ந்த ஓசூரில் அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் பாலைவன வெயில் காய்ந்தது. கட்டிலுக்கடியில் மணல் சேர்ந்தது, ஒரு பருந்து தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து யாரையோ தேடியது. வீட்டுக்காரம்மா சென்னம்மா, ஊர்த் தூறலில் காயாமல் கிடந்த மிளகாயை முறத்தோடு தூக்கி வந்து ராசாத்தியின் வீட்டில் பரப்பிவிட்டுப் போனாள். அதிலிருந்து, "ஏம்மா, உன் வூட்டுக்காரரு மறுபடி எப்ப சேலம் போறாரு?" என்று வாரா வாரம் விசாரித்தாள். இரண்டாம் ஷிப்டில் அவர் வீட்டை நினைத்தால் இங்கே இரும்பு கேட்டில் முல்லை பூத்தது, கூரைக்கு மேல் மட்டும் சன்னமாக மழை பெய்தது. சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் சமையலறையில் கணுக்கால் அளவு வயல் தண்ணீர் நின்றது, அதில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று அவர்களில் யார் முதலில் பேசுவார்கள் என்று பார்த்தது. சமாதானமான நாட்களில் மலைப் பனி இறங்கி, தினை வாசனையும் சந்தன வாசனையும் காம்பவுண்டு முழுக்கப் பரவியது. மறுநாள் காலை குழாயடியில் பெண்கள் ராசாத்தியைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் குடத்தை முன்னால் வைக்க வழிவிட்டார்கள். ராசாத்திக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது அவளுக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. கேட்டால் "ம்" என்பார். இப்போது கேட்காமலே கட்டிலடியில் மணலாகக் கிடந்தது. பெருக்கி அள்ளும்போது அவளுக்குக் கை கனக்கவில்லை.

மார்கழியில் பக்தி இலக்கியம் வந்தது. தான் என்பது கரைந்தால்தான் கதவு திறக்கும் என்று அதில் இருந்தது, ஃபிட்டர் பொருத்திப் பார்த்தார். முதலில் 'நான்' என்ற சொல் நின்றது. அடியேன் வந்தேன், அடியேனுக்கு ஒரு டீ என்றார். பிறகு அவரே கரைய ஆரம்பித்தார். காலையில் எழுந்தால் தலையணை சொட்டச் சொட்ட இருக்கும், பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது, நாற்காலிக்கடியில் ராசாத்தி ஒரு வாளி வைத்தாள். கம்பெனியில் தொல்லை வேறு விதமாக வந்தது. பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்கிற ஃபிக்ஸர் ஒன்று அளவு தவறிப்போக, குவாலிட்டியில் இருந்த எபினேசர் வந்து இதைச் செய்தது யார் என்று கேட்டார். "அவன் செய்தது. அடியேன் கருவி" என்றார் ஃபிட்டர். பெரிய வேலையாக இருந்தும் நன்றாக வந்த ஓர் அச்சைப் பாராட்டி மேனேஜர் கேட்டபோதும் அதே பதில். எபினேசர் அந்த 'அவன்' யார் என்று ஷிப்ட் ஷிப்டாகத் தேடினார். டூல் ரூமில் அடையாள அட்டை இல்லாத ஆள் ஒருவர் எல்லா ஷிப்டிலும் வேலை பார்ப்பதாக நோட்டீஸ் போர்டில் எச்சரிக்கை ஒட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எபினேசர் இந்த விஷயத்தைப் பாஸ்டரிடம் சொன்னபோது, அந்த ஆளைத் தனக்கும் தெரியும் என்று பாஸ்டர் சொன்னாராம். எபினேசர் விசாரணையை மூடிவிட்டார்.

அடுத்த வருஷப் பாடத்தில் சிற்றிலக்கியம். அதில் உலா என்று ஒரு வகை உண்டு. தலைவன் தெருவில் பவனி வருவான், ஐந்து வயது முதல் நாற்பது வயது வரை எல்லாப் பருவத்துப் பெண்களும் வாசலுக்கு வந்து வளையல் கழல மயங்கி நிற்பார்கள். கரைந்து பாதியான ஃபிட்டர் அதைப் பொருத்தியதும் ஒரே நாளில் ஊதிப் பழைய உடம்புக்கு வந்தார். கம்பெனி பஸ்ஸிலிருந்து டிபன் கேரியரோடு இறங்கி நடந்தார். பாகலூர் ரோட்டின் இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், நர்ஸிங் படிக்கிற பெண்கள், இட்லி மாவு விற்கிறவர், ரொட்டித்தூள் கையோடு ஜெபசீலி, எல்லாரும் வந்து நின்றார்கள். வளையல்கள் கலகலவென்று தரையில் விழுந்தன. ஃபிட்டர் எதையும் கவனிக்காமல் கேரியரின் கொக்கி கழன்றதைச் சரி செய்துகொண்டே போனார். கெலமங்கலத்திலிருந்து ஒரு வளையல்காரர் தள்ளுவண்டியோடு வந்து முக்கிலேயே கடை போட்டார். "எனக்கு அம்பத்தஞ்சு ஆயிட்டுது, தப்பிச்சேன்" என்றாள் சென்னம்மா, கொஞ்சம் வருத்தமாக. ராசாத்தியின் வயது அந்தப் பட்டியலுக்குள்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு வளையல் கழலவில்லை, ஆங்காரம்தான் வந்தது. அந்த மாதம் முழுக்கச் சமையலறையில் வயல் தண்ணீர் வற்றவில்லை, கொக்கு குஞ்சு பொரித்தது.

இவ்வளவையும் அவள் சமாளித்தாள். மணலைப் பெருக்கினாள், வாளியைக் கொட்டினாள், கொக்குக்குப் பொரி போட்டாள். ஆவணியில் இக்கால இலக்கியம் வந்தபோதுதான் அவளுக்குக் கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போனது.

இக்கால இலக்கியத்தின் முதல் பாடம் தனிமனிதனைப் பற்றியது. பழைய காலத்து மனிதன் குடியிலும் ஊரிலும் கடவுளிலும் இருந்தான், இந்தக் காலத்து மனிதன் தனக்குள் இருக்கிறான், அவனுக்கென்று ஓர் உள் அறை உண்டு, அதில் அவனைத் தவிர யாருக்கும் இடமில்லை என்று எழுதியிருந்தது. ஃபிட்டர் தனக்குள் தடவிப் பார்த்தார். அப்படியொரு அறை தட்டுப்படவில்லை. பொருந்த வேண்டிய பாகம் இல்லையென்றால் செய்துகொள்வதுதான் டூல் ரூம் வழக்கம். மறுநாள் ராசாத்தி எழுந்து பார்த்தபோது கட்டிலுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் சுவரில் ஒரு கதவு இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபசீலியின் சமையலறை. அங்கே ஒரு மாற்றமும் இல்லை, மசாலா டப்பாக்கள் வரிசையாக இருந்தன. சென்னம்மா டேப் கொண்டுவந்து அளந்தாள். "இதேனம்மா, ஒம்பது இஞ்சு சுவத்துல ரூமு! பிளான்ல இல்லியே" என்று கன்னடத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சத்தம் போட்டுவிட்டு, முனிசிபாலிட்டிக்காரர் வந்தால் அலமாரி என்று சொல்லச் சொல்லிவிட்டுப் போனாள். ராசாத்தி அந்தக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தால் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லடியில் வந்து நின்றாள். அவர் நுழைந்தால் மட்டும் அறைக்குள் போனார். அதில் ஒரே ஒரு நாற்காலி இருந்ததாம்.

அதோடு மணல் நின்றது. முல்லை நின்றது. ஷிப்ட் முடிந்து வருவார், கை கழுவுவார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வீடு வெறும் வீடாக இருந்தது. மழை பெய்தால் எல்லா வீட்டிலும் பெய்தது. ராசாத்தி கதவருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே பேசிப் பார்ப்பாள்.

"உள்ள என்ன செய்றீக?"

"யோசிச்சிட்டு இருக்கேன்."

"என்னத்த?"

"நான் யாருன்னு."

"அது எனக்குத் தெரியுமே. வெளிய வாங்க, சாடையாச் சொல்றேன்."

"நானாத்தான் கண்டுபிடிக்கணும்னு பாடத்துல இருக்கு."

நாளாக ஆகக் குரல் தள்ளிப்போனது. முதலில் அடுத்த அறையிலிருந்து பேசுவதாக இருந்தது, பிறகு தெருக்கோடியிலிருந்து. புரட்டாசி பிறந்தபோது கூட்டு ரோட்டில் நின்று பேசுவது மாதிரி, நடுநடுவே லாரிச் சத்தத்தோடு வந்தது. கதவடியில் தள்ளிவிடும் தட்டு முதலில் வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தது, அப்புறம் பாதிச் சோறோடு, அப்புறம் தூசி படிந்து அப்படியே. போகிற மனிதர் திரும்பி வர வழி தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறார் என்பது ராசாத்திக்கு அந்தத் தூசியைப் பார்த்ததும் புரிந்தது. அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடுவார், அது அவளுக்குத் தெரியும். ஏங்க, இந்தாங்க என்ற கூப்பாடெல்லாம் யாருக்கும் பொருந்துவது, அவ்வளவு தூரம் போய் அந்த ஒருவரை மட்டும் தொடாது. அவரை மட்டும் தொடுகிற சொல் உலகத்தில் ஒன்றுதான் பாக்கி, அது அவள் வாய்க்குள் இருந்தது. சொன்னால் ஆயுசு குறையும். ஜெபசீலி இதைக் கேட்டுவிட்டு, "அப்படிப் பார்த்தா எங்க எபி எப்பவோ போயிருக்கணும் அக்கா" என்றாள். அது அவங்க வழக்கம், இது எங்க வழக்கம் என்று ராசாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வருஷ ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் கம்பெனிக்குள் குடும்பங்களை விடுவார்கள். ராசாத்தி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஜெபசீலியோடு கம்பெனி பஸ்ஸில் போனாள், சுண்டலுக்காகச் சென்னம்மாவும் தொற்றிக்கொண்டாள். லேத்துகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டியிருந்தார்கள், ஃபோர்க் லிஃப்ட் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் இருந்தது, தரையெல்லாம் பூசணிக்காய்ச் சிதறல். பாக்கியராஜ் ஜரிகைத் துண்டோடு மேடையில் இருந்தார். தலைப்பு, தனிமனிதன் சிறந்து விளங்கியது அக்காலமா, இக்காலமா. இந்த வருஷம் ஃபிட்டருக்கு மேடை கிடைத்திருந்தது, இக்கால அணியில் கடைசி நாற்காலி. அது காலியாக இருந்தது. கதவு இப்போதெல்லாம் அவர் போகிற இடத்துக்குக் கூடவே வந்துகொண்டிருந்தது, வீட்டுப் பக்கம் தலைகாட்டாவிட்டாலும் ஷிப்டுக்கு டூல் ரூமில் அதன் வழியாகவே வந்து போனார். காலையில் டூல் ரூமில் மெஷினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தவர், பாகங்களை வைத்து அளக்கிற கல்மேடைக்குப் பின்னால் சுவரில் அதைத் திறந்து உள்ளே போய்விட்டதாகச் சொன்னார்கள். ராசாத்தி ஓடிப்போய்ப் பார்த்தபோது கதவு ஜன்னல் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். "ஃபிட்டர்!" என்று ஒருவர் கத்தியதும் மெயின்டனன்ஸிலிருந்து ஒரு கும்பல் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தது. "தலைவா!" என்றதும் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்தார்கள். பாக்கியராஜ் மைக்கை ஒயரோடு இழுத்து வந்து, "டூல் ரூம் நண்பர் அவர்களே" என்று மரியாதையாக ஆரம்பித்தார். உள்ளேயிருந்து ராயக்கோட்டை மலைக்கு அந்தப் பக்கம் கேட்பதுபோல 'நான், நான்' என்று ஒரு குரல் வந்து தேய்ந்தது. கதவு லாக்கர் அளவானது. "நீங்க கூப்பிடுங்கம்மா" என்று பாக்கியராஜ் மைக்கை ராசாத்தியின் கையில் திணித்தார்.

"ஏங்க" என்றாள் ராசாத்தி. கம்பெனியிலிருந்த அத்தனை புருஷன்மார்களும் திரும்பிப் பார்த்தார்கள். கதவு அசையவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சித்திரை மாசம் மதுர ஆத்துல குதுர மேல எறங்குற சாமி பேரு வச்சவரே" என்று சாடையாகச் சொல்லிப் பார்த்தாள். உள்ளே எங்கோ ஒரு குதிரை கனைத்தது, தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது, ஆள் வரவில்லை. கதவு இப்போது கை நுழையும் அளவுக்கு இருந்தது. ராசாத்தி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆயுசு குறைந்தால் குறையட்டும். குறைந்த ஆயுசானாலும் அது என் வீட்டில் கழியட்டும், யாரும் போக முடியாத இடத்தில் நீண்ட ஆயுசாக இருந்து எனக்கு என்ன பிரயோஜனம் என்று அவளுக்குக் கோபமாக வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மைக்கில் சொன்னாள்.

"அழகர்சாமி!"

ஆயுத பூஜைக்காகக் கட்டியிருந்த ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலிருந்தும் அது ஒன்றாகக் கிளம்பிச் சிப்காட் முழுக்கப் போனது. லாக்கர் கதவில் எழுத்து வந்து ஒட்டிக்கொண்டது. எவர்சில்வர் குடத்தில் வெட்டு விழுந்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒரு வீட்டில் கிழவி ஒருத்தி கடைக்குட்டியின் பெயரைச் சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். இதை எழுதுகிறவருக்கும் அப்போதுதான் கிடைத்தது. கை அளவு இருந்த கதவு படாரென்று முழு அளவுக்குத் திறந்து, தலையெல்லாம் தூசியோடு, செருப்பு தேய்ந்துபோய், டூல் ரூம் ஃபிட்டர் அழகர்சாமி வெளியே வந்தார். வந்ததும் ராசாத்தியைப் பார்த்தார்.

"பேரச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"மைக்குல."

அழகர்சாமி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்படித் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கிரைண்டிங் மெஷின் மேல் கட்டியிருந்த வாழைக்கன்றில் முல்லைக் கொடி ஒன்று சுற்றி ஏறிப் பூத்தது. ராசாத்தி அதைப் பார்த்துவிட்டு, மைக் கையில் இருப்பதை மறந்து தேம்பினாள். அதுவும் சிப்காட் முழுக்கக் கேட்டது.

பட்டிமன்றம் நடந்துதான் தீர வேண்டும் என்று பாக்கியராஜ் ஒற்றைக் காலில் நின்றார். அழகர்சாமியை மேடையேற்றி, உங்கள் கட்சி எது, அக்காலமா இக்காலமா என்று கேட்டார். அழகர்சாமி, "ரெண்டுலயும் போட்டுப் பாத்தேங்க. எதுவும் ஒத்தையாப் பொருந்தல. ஜோடி வேணும்" என்றார். அந்த நேரத்தில் பொரி கடலைப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்துவிட்டதால் யாரும் கேட்கவில்லை. அவருக்கு மூன்றாம் பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் கிடைத்தது, கொக்கி கழலாதது. வீடு திரும்புகிற பஸ்ஸில் ஜெபசீலி வழக்கம்போல, "அக்கா, என் சேலை எப்படி இருக்கு?" என்று கேட்டாள். சொல்ல வேண்டியதைத்தான் சொல்லியாகிவிட்டதே, இனி எதை ஒளிப்பது என்று ராசாத்தி அவளை மேலும் கீழும் பார்த்து, "அழகா இருக்கு, ரொம்ப அழகா இருக்கு" என்றாள். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஜெபசீலி அங்கேயே அழுதுவிட்டாள்.

அழகர்சாமி எம்.ஏ. இரண்டாம் வகுப்பில் தேறினார். கதவு அவரோடு வீட்டுக்கு வரவில்லை, டூல் ரூமிலேயே தங்கிவிட்டது. உள்ளே வெயில் காலம் குளிர்காலம் எதிலும் சூடு மாறாததால் அளவுக் கருவிகளை அதில் வைத்துக்கொள்ளலாம் என்று எபினேசர் எழுதிக் கொடுத்தார், ஆடிட்டுக்கு வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். பெயர் எல்லா இடத்துக்கும் திரும்பி வந்தாலும் ஒரு குறை நின்றுவிட்டது: மற்றவர்கள் சொன்னால் அது வேலை செய்வதில்லை, எவ்வளவு கத்தினாலும் அவருக்குக் காதில் விழாது. ராசாத்தி சொன்னால்தான் திரும்புவார். கம்பெனியில் அவசரமாக அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் வீட்டுக்குப் போன் போட்டு, ராசாத்தியைச் சொல்லச் சொல்லி, ரிசீவரை டூல் ரூம் பக்கம் நீட்டிப் பிடிப்பார்கள். ஆயுசு பற்றிய பயம் அவளைவிட்டு உடனே போகவில்லை. இரண்டு வருஷம் அவருடைய தலையில் நரை தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை. அம்மாவிடம் கேட்டதற்கு, "மைக்குல சொன்னது கணக்குல வராதோ என்னமோ" என்று அவளும் குழம்பிப்போனாள். இரண்டாயிரத்து ஏழில் பெண் குழந்தை பிறந்தது, தர்ஷினி என்று பெயர் வைத்தார்கள், அந்தக் குழந்தையும் அப்பாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடப் பார்த்தது, அவர் திரும்பவில்லை.

இப்போதும் சில சாயங்காலங்களில் அவர் பஸ்ஸைவிட்டு இறங்கி, எதையாவது யோசித்துக்கொண்டு தெருமுனையிலேயே நின்றுவிடுவார். ராசாத்தி கேட்டுக்கு வந்து ஒரு தடவை கூப்பிடுவாள். பாகலூர் ரோட்டில் அந்தப் பக்கம் போகிறவர்கள் யாரும் நின்று பார்ப்பதில்லை. கேட்டில் முல்லை பூக்க ஆரம்பிக்கும். சென்னம்மா எழுந்து முறத்தில் காயும் மிளகாயை உள்ளே எடுத்து வைப்பாள், இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக்கு மட்டும் மழை வரும்.